நண்பன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க எவ்வளவு கேட்பது?

கேள்வி: பாளையங்கோட்டையில் பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன். என்னோடு ஒரு பெயிண்டரும் ஒரு கையாளும் வருவார்கள். பெயிண்டருக்கு நாள் கூலி 1,000 ரூபாய், கையாளுக்கு 750. நானே இன்னொருவரிடம் வேலைக்குப் போனாலும் 1,000 கிடைக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து கூடப் படித்த நண்பன், தன் வீட்டு உள்பக்கம் முழுக்கப் பொங்கலுக்கு முன்னால் அடித்துத் தரச் சொல்கிறான். சுவரும் சீலிங்கும் அளந்ததில் 2,800 சதுர அடி. லேசாகப் பட்டி பார்த்து, ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன். மூன்று பேருக்கும் 10 நாள் வேலை. பெயிண்ட் அவன் வாங்கித் தருவான், கூலி மட்டும்தான் பேச்சு. வெளியே இதற்கு அடிக்கு 14 ரூபாய் வாங்குகிறேன். அவனிடம் கேட்டால், "நீ பாத்துப் போட்டுக்கோடா" என்கிறான். மூன்று வருஷத்துக்கு முன் என் மகள் காலேஜ் ஃபீஸுக்கு 25,000 ரூபாய் வட்டியில்லாமல் கொடுத்து உதவியவன். எட்டு மாதத்தில் திருப்பிவிட்டேன். அந்த நன்றிக்கு 8 ரூபாய் போட நினைக்கிறேன். கட்டுப்படியாகாது என்கிறாள் மனைவி. எது நியாயம்?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. எவ்வளவு சரி என்பதை நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே பார்த்துவிடலாம்.

அடிக்கு 8 ரூபாய் என்றால் மொத்தம் 22,400. அதில் பெயிண்டருக்கு 10 நாளைக்கு 10,000, கையாளுக்கு 7,500. உப்புத்தாள், ரோலர், பிரஷ், மாஸ்கிங் டேப், ஏணியை ஏற்றி இறக்கும் வண்டிச் செலவு, டீக்காசு எல்லாம் சேர்த்து 2,500 என்று வைத்துக்கொள்கிறேன். ஆக 20,000 ரூபாய் உங்கள் கையைவிட்டுப் போய்விடும். மிச்சம் 2,400. ஒரு நாளைக்கு 240 ரூபாய். உங்களுக்குச் சட்டி எடுத்துக் கொடுக்கிற கையாள் 750 ரூபாயோடு வீட்டுக்குப் போவார். வேலையைப் பேசி, அளந்து, கூட நின்று அடித்து, பிசகு வந்தால் பொறுப்பும் ஏற்கிற நீங்கள் 240 ரூபாயோடு போவீர்கள்.

வழக்கமான 14 ரூபாய்க்கு 39,200 வரும். இதில் உங்கள் கூலியாக 10,000 எடுத்து, மற்ற செலவு 20,000 போனால் மீதி 9,200. இதுதான் லாபம். இந்த இடத்தில்தான் பலருக்கும் கணக்கு இடறுகிறது. உங்கள் கூலி லாபம் அல்ல. அது நீங்கள் எங்கே போயிருந்தாலும் கிடைத்திருக்கும் சம்பளம். அந்த 9,200தான் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் காயாமல் சும்மா இருக்கிற நாட்களுக்கும், ஏணி உடைந்தால் புதிது வாங்குவதற்கும், ஒரு சுவரை மறுபடி அடித்துக் கொடுக்க நேர்ந்தால் அதற்கும் ஆகிற பணம்.

நண்பனுக்கு விட்டுக்கொடுக்க விரும்பினால் அந்த லாபத்திலிருந்துதான் விட்டுக்கொடுக்கலாம். உங்கள் கூலியில் கை வைத்தால் பத்து நாள் வீட்டுச் செலவு இடிக்கும். ஆட்களின் கூலியில் கை வைக்கும் பேச்சே கூடாது. "நம்ம ஃப்ரண்டு வீடுதான், 800 வாங்கிக்கோ" என்று பெயிண்டரிடம் சொன்னால், அவருக்குச் சம்பந்தமே இல்லாத நட்புக்கு அவர் மொய் எழுதின மாதிரி ஆகிவிடும்.

ஆகவே, 30,000 உங்கள் அடிமட்டம், 39,200 ஊர் விலை. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பது உங்கள் மனசு. நான் அடிக்கு 12 ரூபாய் போடச் சொல்வேன். மொத்தம் 33,600. நண்பனுக்கு 5,600 ரூபாய் குறைகிறது, உங்கள் கையில் கூலி போக 3,600 நிற்கிறது. அடிமட்டத்துக்கே போகாததற்குக் காரணம், அவர் கேட்கிற மாதம். பொங்கலுக்கு முன்னால் உங்கள் தொழிலில் ஆள் கிடைக்காது. அந்தப் பத்து நாளை அவருக்குக் கொடுத்தால் முழு ரேட்டில் வருகிற வேறொரு வேலையை நீங்கள் தள்ளிப்போட வேண்டியிருக்கும். அவசரமில்லை, உனக்கு வேலை இல்லாத நாட்களில் வந்து அடி என்று அவர் சொன்னால் 11 ரூபாய்க்குக்கூட இறங்கலாம். 30,800 வரும், நஷ்டமில்லை.

அந்த 25,000 ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் உங்களை அதிகம் அழுத்துவது அதுதான் என்று தெரிகிறது. அன்றைக்கு நீங்கள் அதை வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 500 வீதம் எட்டு மாதத்துக்கு 4,000 ரூபாய் வட்டி கட்டியிருப்பீர்கள். இப்போது நீங்கள் குறைக்கப்போவது 5,600. ஆபத்துக்கு உதவிய மனசை வட்டிக் கணக்கில் அடைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும், நன்றி செலுத்தவில்லையே என்ற உறுத்தலோடு விலை பேச உட்காராதீர்கள். அந்த உறுத்தல்தான் உங்களை 8 ரூபாய்க்கு இழுக்கிறது. 8 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டால் ஐந்தாவது நாளே மனசு கசக்கும். நண்பரின் மனைவி, "இந்த மூலை கொஞ்சம் திட்டாத் தெரியுதே" என்று சாதாரணமாகச் சொல்வதுகூடக் குத்தும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான்.

குறைக்கிற தொகையை மறைக்காமல் எழுதிக் காட்டுங்கள். வெறுமனே 33,600 என்று சொன்னால், அதுதான் உங்கள் ரேட் என்று அவர் நினைப்பார். நாளைக்கு அவர் மைத்துனர் வீட்டு வேலை வரும்போது, "எனக்கு 12 ரூபாய்தான் போட்டான்" என்று நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். அங்கே நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

மெட்டீரியலை அவரே வாங்குவது நல்ல ஏற்பாடு. பில் அவர் பெயரிலேயே இருக்கட்டும். பெயிண்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருப்பதால் தொகை பெரிதாகத் தெரியும், அதை நீங்கள் சொல்வதைவிடக் கடை பில் சொல்வது நல்லது. கலர் கலந்த பெயிண்டைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதனால் வாளியில் போட்டிருக்கும் பரப்பளவுக் கணக்கைப் பார்த்து முதலில் சற்றுக் குறைவாகவே வாங்கச் சொல்லுங்கள், போதாவிட்டால் அதே ஷேடு நம்பரைச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். வாளிக்குள் பெயிண்டருக்கென்று கம்பெனி வைக்கிற டோக்கன் இருந்தால் அதையும் நண்பரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சின்னத் தொகைதான், ஆனால் பின்னால் வேறொருவர் சொல்லித் தெரிந்தால் அது பெரிய விஷயமாகிவிடும்.

விலை சொல்வதற்கு முன்னால் பாத்ரூமை ஒட்டிய சுவர்களைத் தட்டிப் பாருங்கள். ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால் எத்தனை கோட் அடித்தாலும் சில மாதங்களில் பொரிந்து உரியும். முதலில் பிளம்பரை வைத்துக் கசிவை நிறுத்தச் சொல்லுங்கள். அது காய்கிறவரை அந்தச் சுவரை அடிக்க முடியாது என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும். கதவு, ஜன்னல் கம்பிக்கு எனாமல் அடிப்பது இந்த 2,800 அடியில் சேராது, அதற்குத் தனி விலை. வேலை நடக்கும்போது, "அப்படியே இந்த கேட்டையும் ஒரு கை பாத்துடேன்" என்பார்கள். அரை நாள் அங்கே போய்விடும்.

பணத்தை மூன்றாக வாங்குங்கள். தொடங்கும்போது 10,000, பிரைமர் முடிந்ததும் 15,000, எல்லாம் துடைத்துக் கொடுத்த அன்றைக்கு 8,600. சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம் போட நண்பன் பணம் வரவில்லை என்று நீங்கள் நகையை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. இன்னொன்று: நீங்கள் மூவரும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வேலைக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். ஏணியில் நிற்கிற தொழில், தள்ளிப்போடாதீர்கள்.

நண்பரிடம் நேரில் பேசுங்கள், வீட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் இப்படி ஒன்று போடுங்கள்:

"மாப்ள, வீட்ட அளந்துட்டேன். சுவர், சீலிங் 2,800 அடி. வெளிய 14 ரூபா ரேட், 39,200 வரும். உனக்கு 5,600 கழிச்சு 33,600. பெயிண்ட் நீ வாங்கிரு, லிஸ்ட் நான் தாரேன். கதவு, கம்பி தனி. பாத்ரூம் சுவத்துல ஓதம் இருந்தா மொதல்ல அத சரி பண்ணணும். 10,000 முன்பணம், பிரைமர் முடிஞ்சதும் 15,000, மிச்சம் கடைசில. உனக்குச் சரின்னா தேதி சொல்லு. வேற ஆள்கிட்டயும் ஒரு ரேட் கேட்டுப் பாரு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."