ஏற்றுமதிப் பொத்தானை நம்பிப் பதினொரு ஒலிப்பதிவுகளை இழந்தோம்

கேள்வி: எங்கள் சங்கத்தின் இணையத்தளத்தை, நிரல் எழுதாமல் இழுத்து வைத்துப் பக்கம் அமைக்கும் ஒரு சேவையில் நடத்திவருகிறோம். அடுத்த மாதம் சந்தா முடிகிறது. ‘ஏற்றுமதி’ப் பொத்தானை அழுத்திக் கிடைக்கும் கோப்புகளைச் சொந்த ஹோஸ்டிங்கில் (தளக் கோப்புகளை வைத்து இணையத்தில் காட்டும் இடத்தில்) ஏற்றிவிட்டுக் கணக்கை மூடிவிடலாமா?

பதில்:

ஏற்றலாம்; ஆனால் கணக்கை இப்போதைக்கு மூடிவிடாதீர்கள். உங்கள் சங்கமும் எங்களுடையதைப் போலக் கையில் பணமோ கணனி வல்லுநரோ இல்லாத சிறிய சங்கம் என்று எண்ணிக்கொண்டே இதை எழுதுகிறேன். மென்பொருள் துறையினருக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது.

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வாசகர் வட்டம் 2019 இல் ஒரு தளத்தைத் தொடங்கியது. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் முதியவர்கள் பாடித் தந்த தாலாட்டு, ஒப்பாரி, காமன் கூத்துப் பாடல்கள் ஆகியவற்றை ஒலிப்பதிவாகவும், அவற்றின் வரிகளையும் பாடியவரின் படத்தையும் அருகில் வைத்தும் பதிவிட்டோம். எங்களில் எவருக்கும் நிரல் தெரியாது. ஓர் ஆசிரியை தம் கைபேசியிலிருந்தே புதிய பதிவொன்றைச் சேர்த்துவிட முடிந்தது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அந்தச் சேவையைத் தேர்ந்தெடுத்தோம். அதைப் பெயர் சொல்லி ஏச நான் வரவில்லை. அது இல்லாதிருந்தால் எங்கள் தளமே பிறந்திருக்காது.

ஆண்டுச் சந்தா 276 டொலர். 2022 மார்ச்சுக்கு முன் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தபோது அது 55,000 ரூபா அளவில் அடங்கியது. ரூபாவின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்க விட்ட பின்னர் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே சந்தா ஏறக்குறைய ஒரு இலட்சமாகிவிட்டது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபா. யாருடைய பாட்டுகளைக் காத்து வைத்திருந்தோமோ அந்தப் பெண்கள் நூறு நாள் கொழுந்து பறித்துப் பெறும் கூலியை வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் அந்தப் பாட்டுகளை வைத்திருக்க வேண்டுமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அதற்கு எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை. வெளியேற முடிவு செய்தோம்.

ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தினேன். ஒரு ஜிப் கோப்பு வந்தது. அதை மடிக்கணனியில் விரித்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். படங்கள் தெரிந்தன, பாட்டுகள் ஒலித்தன, எழுத்துரு அப்படியே இருந்தது. உள்ளூர் ஹோஸ்டிங் ஒன்றில், ரூபாவிலேயே பணம் கட்டி, எல்லாவற்றையும் ஏற்றி, மறுநாளே பழைய கணக்கை மூடிவிட்டேன். இந்த அவசரம் என்னுடையது.

சில வாரங்கள் கழிந்ததும் படங்கள் இருந்த இடங்களில் வெற்றுச் சட்டங்கள் மட்டும் நின்றன, ஒலிப்பதிவுகள் ஓடவில்லை. காரணம் எளிதானது, ஆயினும் அதை எவரும் முன்கூட்டி எனக்குச் சொல்லவில்லை. இணையப் பக்கத்தை விவரிக்கும் எச்.டி.எம்.எல். கோப்பு என்பது வெறும் எழுத்து. படமோ ஒலியோ பொதுவாக அதற்குள் இருப்பதில்லை, அவை எங்கே கிடக்கின்றன என்ற முகவரி மட்டுமே இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த பக்கங்களில் அந்த முகவரிகள் அனைத்தும் பழைய சேவையின் வழங்கியையே (கோப்புகளை இணையத்தில் தரும் கணனியையே) காட்டிக்கொண்டிருந்தன. மடிக்கணனியில் நான் பார்த்த படங்கள் என் வட்டிலிருந்து வந்தவையல்ல; இணைய இணைப்பு இருந்ததால் அங்கிருந்து வந்தவை. எழுத்துருவும் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. தொடக்க காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, எல்லாக் கணனிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றாமலே ஏற்றிய பதிவுகள் அந்த எழுத்துரு மறைந்ததும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிட்டன. அவற்றையெல்லாம் ஒருங்குறிக்கு மாற்றி முடிக்க இரண்டு மாதங்கள் பிடித்தன.

எங்களிடம் 37 ஒலிப்பதிவுகள் இருந்தன. பதிவு செய்தவர்களின் கைபேசிகளிலும் பழைய வட்ஸ்அப் உரையாடல்களிலும் தேடி 26 ஐ மீட்டோம். மீதி 11 கிடைக்கவே இல்லை. அவற்றுள் ஒன்று, பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் வசிக்கும் ஒரு லயன் அறையில் 84 வயதுப் பாட்டி ஒருவர் தம் தாய்க்காகப் பாடிய ஒப்பாரி. அவர் 2021 இல் காலமானார். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்று இருந்தது. பாட்டின் வரிகள் அதில் கிடைத்தன, குரல் கிடைக்கவில்லை. மூலப் பதிவைத் தனியே வைத்திருக்க வேண்டியது உங்கள் கடமையல்லவா என்று இங்கே சிலர் எழுதக்கூடும். எழுதட்டும், அது சரிதான். ஆனால் எங்கள் பிள்ளைகளின் கைபேசிகளில் இடம் போதாமல், தளத்தில் ஏறிவிட்டதே என்று நம்பி, அடுத்த பாட்டைப் பதிவு செய்வதற்காக முந்தியதை அழித்தார்கள் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உங்கள் சேவை எது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ‘ஏற்றுமதி’ என்ற ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு பொருள் தருகிறது. விக்ஸ் என்ற சேவையில் முழுத் தளத்தையும் கோப்புகளாக எடுத்து வேறிடத்தில் வைக்க வழியில்லை. ஸ்குவேர்ஸ்பேஸ் என்ற சேவை, வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளுக்குப் பொருந்தும் எக்ஸ்.எம்.எல். என்ற எழுத்துவடிவக் கோப்பு ஒன்றைத் தரும். அதில் பக்கங்களும் வலைப்பதிவும் வரும், தோற்றமும் விற்பனைப் பொருட் பக்கங்களும் வரமாட்டா. வெப்ஃபுளோவில் கட்டணத் திட்டங்களில் எச்.டி.எம்.எல்., தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ்., பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல், படங்கள் எல்லாம் கிடைக்கும்; ஆனால் தரவுத்தொகுப்பில் சேர்த்த பதிவுகளைச் சி.எஸ்.வி. அட்டவணையாகத் தனியே எடுக்க வேண்டும், படிவமும் தேடலும் வெளியே இயங்கா. நாங்கள் பயன்படுத்தியது இம்மூன்றில் எதுவுமன்று. வேர்ட்பிரஸ் பக்கம் போவதாயின் இன்னொன்றையும் கவனியுங்கள்: எக்ஸ்.எம்.எல். கோப்புக்குள் படங்கள் இரா. இறக்குமதிக் கருவி அந்த நேரத்தில் பழைய தளத்துக்குச் சென்றுதான் படங்களை எடுத்து வருகிறது. பழைய தளம் அப்போது உயிரோடு இருந்தாக வேண்டும்.

ஏற்றுமதி வசதியே இல்லாத இடத்தில் எச்.டி.டிராக் அல்லது டபிள்யூகெட் என்ற மென்பொருளைக் கொண்டு தளத்தை முழுமையாகப் பிரதி எடுக்கலாம் என்பார்கள். எடுக்கலாம், உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகே உள்ளடக்கம் தோன்றும் பக்கங்கள் மட்டும் அதில் சரியாகச் சிக்கா. தமிழில் தலைப்பு வைத்தவர்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. தலைப்பிலிருந்து உருவாகும் முகவரிகளில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் விழுக்காட்டுக் குறிகளுடன் சேர்ந்து ஒன்பது எழுத்துகளாக நீளும். ‘கி’ என்பதில் ‘க’வுக்கு ஒன்பது, இகரக் குறிக்கு ஒன்பது. கோப்புப் பெயருக்குப் பொதுவான எல்லை 255 எழுத்துகள் என்பதால் அந்த வடிவில் சேமித்தால் 28 குறியீடுகளைத் தாண்டிய தலைப்பு அடங்காது. பிறகு எங்கள் புதிய தளத்தில் நான் முயன்றபோது எங்கள் நீண்ட தலைப்புகள் இப்படித்தான் வெட்டுப்பட்டு, ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்பட்டன. சுருக்கமான பெயர்களுக்கு மாற்றி, பழைய முகவரிகளிலிருந்து புதியவற்றுக்கு நிரந்தரத் திசைதிருப்பல் வைத்தோம்.

‘சொந்த வழங்கி’ என்றால் சொந்த வீட்டில் ஓடும் இயந்திரம்தான் என்று வாதிடுவோரும் உண்டு. எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு சைப்ரஸ் மரம் கம்பியில் விழுந்தால் மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. கைபேசி வலையமைப்பில் இயங்கும் ரூட்டரோ பல வீடுகளுக்குப் பொதுவான ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்வதால், வெளியிலிருந்து நேராக உங்கள் இயந்திரத்தை அடைய முடியாது. அதைச் சுற்றிச் செல்ல வழிகள் உள்ளன, ஆனால் அவற்றைப் பராமரிக்க ஆள் வேண்டும். சிறிய வாடகை ஹோஸ்டிங்கே போதும். கோப்புகள் உங்கள் கையில் இருக்கும் வரை, அந்த நிறுவனம் ஒத்துவராவிட்டால் ஒரு மாலைக்குள் வேறிடம் போய்விடலாம். டொமைன் பெயரை (தளத்தின் இணையப் பெயரை) அந்தச் சேவையின் வழியாகவே பதிந்திருந்தால், அதையும் உங்கள் பெயரில் வேறொரு பதிவாளரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். டொட்கொம் போன்ற பெயர்களைப் பதிந்த முதல் 60 நாட்களுக்குள் பொதுவாக மாற்ற இயலாது.

ஒரு மாதம் இருக்கிறதல்லவா? முதலில் படங்களையும் ஒலிகளையும் சேவையின் ஊடகக் கோப்பகத்திலிருந்து தனித்தனியாக இறக்கி, இரண்டு வட்டுகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள். பின்னர் ஏற்றுமதி செய்த கோப்புறையில் பழைய சேவையின் முகவரி எத்தனை இடங்களில் வருகிறது என்று எழுத்துக் கோப்புகளைத் திருத்தும் செயலியில் (text editor) தேடி, ஒவ்வொன்றையும் உங்கள் கோப்பை நோக்கி மாற்றுங்கள். இறுதியாக ரூட்டரை அணைத்துவிட்டு, இதுவரை அந்தத் தளத்தைத் திறந்திராத வேறொரு கணனிக்கு அந்தக் கோப்புறையைப் பிரதி செய்து, பக்கங்களை அதில் திறந்து, ஒவ்வொரு பதிவையும் கடைசி வரை ஓடவிட்டுக் கேளுங்கள். எல்லாம் ஒலித்த பின்னர் கணக்கை மூடலாம்.