குருகு எங்கே பார்க்கிறது?

அன்புள்ள ஐயா,

நான் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. எம்.ஏ. தமிழ் முதலாண்டு படிக்கிறேன். ஒருவர் கட்டுரையை இன்னொருவர் படித்துக் குறிப்பு எழுதித் தரவேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். எனக்கு வந்தது தோழியின் கட்டுரை, குறுந்தொகை 25ஆம் பாட்டைப் பற்றி. சந்திப்பிழை ஏராளம். நடையில் மலையாள வாடை வேறு. எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்தி, கடைசியில் ‘ஆழம் போதாது’ என்று எழுதிக் கொடுத்தேன். நான்கு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னது தப்பா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘ஆழம் போதாது’ என்றால் அவள் என்னம்மா செய்வாள்? எந்த வரியில் போதாது, எந்தச் சொல்லைக் கவனிக்காமல் தாண்டிப் போனாள்? அதைத் தேடிச் சொல்ல உனக்குச் சோம்பல். கோபமாகத்தான் சொல்கிறேன்.

சந்திப்பிழையைப் பென்சிலால் சுழித்தால் போதும். ‘மலையாள வாடை’யை முதலில் அழி. வீட்டில் தமிழும் பஸ் போர்டில் மலையாளமுமாக வளர்ந்த ஊரில் இருந்துகொண்டு நீ அதைச் சொல்லலாமா?

அந்தப் பாட்டைப் பற்றி நானும் மாணவனாக எழுதியிருக்கிறேன். கபிலர் பாடியது, ஐந்தே அடி. அவன் என்னைக் கூடிய அன்று வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான், அவனே பொய்த்தால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. தினைத்தாள் போன்ற சிறிய பசுங்காலோடு, ஓடும் நீரில் ஆரல்மீனைப் பார்த்து நின்ற குருகும், கொக்கு மாதிரிப் பறவை, இருந்ததாம். ‘குருகே சாட்சி’ என்று ஒன்றரைப் பக்கம் அளந்திருந்தேன். பக்கத்து பெஞ்சு நண்பன், சித்தூர்ப் பக்கம் வயல்வீட்டுப் பையன், ஓரத்தில் பென்சிலால் ஒன்று கேட்டிருந்தான்: ‘குருகு எங்கே பார்க்கிறது?’

எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் புழைக்கரைக்குக் கூட்டிப்போனான். வாய்க்காலில் ஒரு மடையான் கொக்கு நின்றது. உடம்பெல்லாம் மண் நிறம், கால் மட்டும் மஞ்சளும் பச்சையுமாய், நிஜமாகவே தினைத்தட்டை போல. பத்தடி வரை போனோம். கழுத்தை உள்ளிழுத்தபடி அசையாமல் நின்றது. “ஆரல் சேத்துக்குள்ள பொதஞ்சு கெடக்கும்டா. கண்ண எடுத்தா அதுக்கு இர போச்சு” என்றான்.

‘பார்க்கும்’ என்ற சொல்லை அன்றுதான் படித்தேன். அங்கிருந்த ஒரே உயிரும் அவளைப் பார்க்கவில்லை! பிறகு அந்த ‘உம்’. ‘யாரும் இல்லை’ என்று தொடங்கியவள், முடிக்கும்போது ‘குருகும் உண்டு’ என்கிறாள். சொல்லிப் பார், குருகு-ம். மீனையே பார்த்திருந்த பறவையைக்கூட விடமுடியாமல் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறாளே, அந்த ஓர் இடைச்சொல்லில் அவள் தவிப்பு முழுக்க இருக்கிறது. ராத்திரியே ஒன்றரைப் பக்கத்தையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அவன் என் கட்டுரையில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

நான்கு நாள் ரொம்ப அதிகம். இன்றைக்கே போய்ப் பேசு. கட்டுரையைத் திரும்ப வாங்கி, உன்னை நிறுத்திய ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி எழுது. அவள் அந்தக் குருகைப் பற்றி என்ன சொல்லியிருந்தாள் என்று எனக்கும் எழுது. உன் கடிதத்தில் அது ஒரு வரிகூட இல்லை.