எங்கள் ஊர் தீயணைப்பு வீரர்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

அவர்களைப் பாராட்ட ஏதாவது நாள் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது, ஏப்ரல் 14. நமக்குச் சித்திரை முதல் நாள். அவர்களுக்கு நீத்தார் நினைவு நாள். 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன வீரர்கள் பலர் அங்கேயே இறந்துபோனார்கள். அந்த நினைவாக ஏப்ரல் 20 வரை தீத்தொண்டு வாரம். பொதுமக்களுக்குச் செயல்விளக்கம் காட்டுவார்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

தீ மட்டுமே அவர்கள் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் மாடு விழுந்தால் கயிறு கட்டி இறங்குவது அவர்கள்தான். ஒரே கறவை மாட்டை வைத்துப் பிழைக்கும் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! அப்புறம் பாம்பு, கதண்டுக் கூடு, வெள்ளம், சாலையில் சாய்ந்த மரம்.

சால்வை போர்த்துவது நல்லதுதான். அதைவிட, தெருவை அடைத்து வண்டி நிறுத்தாமல் இருங்கள், 101க்கு விளையாட்டாக அழைக்காதீர்கள். தீபாவளி இரவில் ஊரே கொண்டாடும்போது அவர்கள் நிலையத்தில் தயாராக நிற்பார்கள். கொஞ்சம் பலகாரம் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.