கர்ப்பத்துக்கு முன்னால் இல்லாத சுகர் ஏழாம் மாதத்தில் எப்படி வந்தது?

26 வாரம் ஆகிறது, குடும்பத்தில் யாருக்கும் சுகர் இல்லை, ஆனாலும் குளுக்கோஸ் குடித்து எடுத்த டெஸ்டில் 158 வந்துவிட்டது, மாம்பழம் சாப்பிட்டதுதான் காரணம் என்று மாமியார் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கர்ப்பிணிகள் ஓபியில் நர்ஸ். முதலில் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள், மாம்பழத்தால் மட்டும் இது வருவதில்லை.

நஞ்சுக்கொடி குழந்தைக்குச் சாப்பாடு அனுப்புவதோடு நிற்காது, அதுவே ஒரு பெரிய ஹார்மோன் சுரப்பி. முதல் சில வாரம் சினைப்பையிலிருந்து வரும் புரோஜெஸ்டிரோன்தான் கர்ப்பத்தைத் தாங்கும். எட்டு, பத்து வாரத்தில் நஞ்சு அந்த வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும். அப்புறம் அது வளர வளர லாக்டோஜன் மாதிரியான ஹார்மோன்களும் ஏறிக்கொண்டே போகும். இவை அம்மாவின் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக நின்றால்தானே குழந்தைக்குப் போகும்? அதை ஈடுகட்ட கணையம் இரண்டு மூன்று மடங்கு இன்சுலின் சுரக்க வேண்டியிருக்கிறது. அது முடியாதவர்களுக்குத்தான் சுகர் ஏறுகிறது. 24 முதல் 28 வாரத்தில் டெஸ்ட் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

எங்கள் ஓபியில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கித் தருவோம், பாதி டம்ளரிலேயே "குமட்டுது சிஸ்டர்" என்பார்கள். இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால சுகர். வெறும் வயிறு தேவையில்லாத இந்த முறையை வலியுறுத்தியவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. பஸ் பிடித்து வரும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று தினமும் பார்க்கிறேன்.

பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். சாதத்தைக் குறைத்து, காய், சுண்டல், முட்டை கூட்டி, டாக்டர் நடக்க வேண்டாம் என்று சொல்லாத பட்சத்தில் சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் நடங்கள். இரண்டு வாரம் கழித்தும் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு 120-க்குக் கீழே வரவில்லை என்றால் மருந்தோ இன்சுலினோ தருவார்கள். ஊசி என்றதும் குழந்தைக்கு ஆகாது என்று பயந்து நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். இன்சுலின் நஞ்சைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை, சர்க்கரைதான் போகிறது. அது அதிகமானால் குழந்தை தானும் அதிக இன்சுலின் சுரந்து கொழுத்துவிடும். பிறந்து கொடியை வெட்டியதும் அம்மாவின் சர்க்கரை நின்றுபோக, குழந்தைக்குச் சுகர் சட்டென்று இறங்கும். பிறந்த சில மணி நேரத்தில் குதிகாலில் குத்தி ரத்தம் பார்ப்பதும், உடனே தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதும் அதற்காகத்தான்.

நஞ்சு வெளியே வந்ததும் பெரும்பாலானவர்களுக்குச் சுகர் இறங்கிவிடும். ஆனால் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம், அதனால் ஆறு வாரம் கழித்து ஒரு டெஸ்ட் கட்டாயம். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட வரும் அன்றைக்கே உங்களுக்கும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.