பில் இல்லாவிட்டால் விலை குறைவு: வாங்கலாமா?

கேள்வி: ஒரு ஃப்ரிட்ஜ் பார்த்து வைத்திருக்கிறேன். பில் போட்டால் ஒரு விலை, பில் வேண்டாம் என்றால் அதைவிடக் குறைவு என்கிறார் கடைக்காரர். "வாரன்டி கார்டில் சீல் வைத்துத் தருகிறேன், ஏதாவது ஆனால் நான் இருக்கிறேன்" என்றும் சொல்கிறார். பல வருடப் பழக்கம். நம்பலாமா?

பதில்: அவரை நம்புங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

வாரன்டி தருவது தயாரித்த நிறுவனம். உங்கள் கடைக்காரர் இல்லை. ஃப்ரிட்ஜ் மக்கர் செய்யும் அன்று சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது, எப்போது வாங்கினீர்கள், சீரியல் நம்பர் என்ன என்பதுதான். வாங்கிய தேதிக்குச் சாட்சி இல்லாவிட்டால், தயாரித்த மாதத்திலிருந்தே கணக்கு வைக்கும் நிறுவனங்கள் உண்டு. கடையில் எட்டு மாதம் தூங்கிய பெட்டி என்றால் அந்த எட்டு மாதமும் உங்களுக்கு நஷ்டம். பில் இல்லை என்றதுமே கட்டண சர்வீஸ் என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு.

பில் கையில் வந்ததும் அதைப் படியுங்கள். "ஃப்ரிட்ஜ் - 1" என்று மட்டும் எழுதிய பில் எந்த ஃப்ரிட்ஜுக்கும் பொருந்தும். மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் அதில் இருக்க வேண்டும். பெட்டியின் உட்சுவரிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், வெளி அட்டைப்பெட்டி, பில் ஆகிய மூன்றிலும் ஒரே நம்பர்தானா என்று கடையிலேயே ஒப்பிட்டுவிடுங்கள். சூட்டில் அச்சாகும் மெல்லிய தாளில் பில் தந்தால், அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். சில மாதங்களில் எழுத்து வெளுத்து வெறும் தாள்தான் மிஞ்சும்.

"பத்து வருட வாரன்டி" என்று முகப்பில் பெரிதாக ஒட்டியிருந்தால் உள்ளே உள்ள சின்ன எழுத்தையும் பாருங்கள். பெரும்பாலும் அது கம்ப்ரஸருக்கு மட்டும்தான். கம்ப்ரஸர் இலவசமாக வரும். கேஸ் நிரப்புவது, கூலி, வண்டி வாடகை எல்லாம் உங்கள் தலையில் விழும். எது எதற்கு எத்தனை வருடம் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. உலகில் வேலை செய்கிறவர்களில் 60 சதவீதத்துக்கும் அதிகமானோர், அதாவது சுமார் 200 கோடிப் பேர், சட்டப் பதிவோ பாதுகாப்போ இல்லாத முறைசாராத் தொழில்களில் இருக்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்குச் சொன்னது. அதில் மிகப் பெரும் பகுதி வளரும் நாடுகளில்தான். அங்கே வியாபாரம் ஆளை நம்பித்தான் ஓடுகிறது. கடன் கொடுப்பதும், குறை சொன்னால் பொருளை மாற்றித் தருவதும் அந்த முகப்பழக்கத்தில்தான். ஆனால் கடை கைமாறினால் அந்த வாக்குறுதியும் ஆளோடு போய்விடும்.

வாங்குபவருக்குத் தரம் தெரியாத சந்தையில் நல்ல சரக்குக்கும் மட்டமான சரக்குக்கும் ஒரே விலைதான் கிடைக்கும், அதனால் நல்ல சரக்கு வைத்திருப்பவர் மெல்ல ஒதுங்கிவிடுவார் என்று 1970-இல் எழுதினார் ஜார்ஜ் அக்கர்லாஃப். 2001-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். அந்த நோய்க்கு அவர் காட்டிய மருந்துகளில் வாரன்டியும் ஒன்று. பில் வேண்டாம் என்று வருகிறவர் அந்த மருந்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

கேள்வி: வாஷிங் மெஷினுக்கு "போர்டு போய்விட்டது" என்று மாற்றினார் மெக்கானிக். இரண்டு வாரத்தில் அதே கோளாறு. கேட்டால், இது வேறு பிரச்சினை, தனிக் கட்டணம் என்கிறார். பழைய போர்டையும் எடுத்துப் போய்விட்டார்.

பதில்: அந்தப் பழைய போர்டுதான் உங்கள் சாட்சி. அடுத்த முறை, கழற்றிய பாகத்தைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வாரன்டியில் இலவசமாக மாற்றினால் நிறுவனம் பழையதைத் திரும்பக் கேட்கும். காசு கொடுத்து மாற்றினால் பழையது பொதுவாக உங்களுடையதுதான்.

என் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஒருமுறை உம்மென்று இரைந்ததே தவிர, சுற்றவில்லை. வந்தவர் பார்த்ததுமே காயில் எரிந்துவிட்டது, கழற்றி எடுத்துப்போய் ரீவைண்டிங் செய்ய வேண்டும் என்றார். "அதை எழுதிக் கொடுங்கள், மாற்றியதும் பழைய கம்பியைக் கொண்டுவாருங்கள்" என்றேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு மூடியைத் திறந்து பார்த்தார். கெப்பாசிட்டரின் தலை புடைத்திருந்தது. அதை மட்டும் மாற்றியதும் மோட்டார் ஓடிவிட்டது. எழுதித் தரும்படி கேட்டிராவிட்டால் நானும் மோட்டாரைத் தூக்கிக் கொடுத்திருப்பேன்.

உங்கள் விஷயத்தில், முதல் ரசீதில் கோளாறு என்னவென்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அதே கோளாறுதான் என்றால், மாற்றிய பாகத்துக்கு எத்தனை நாள் உத்தரவாதம் என்று கேட்டு, புகாரை எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

கேள்வி: மொபைலில் பணம் அனுப்பும்போது ஒரு எண் மாறி யாருக்கோ போய்விட்டது. திரும்ப வருமா?

பதில்: எடுத்த எடுப்பில் உங்கள் சேவை நிறுவனத்திடம் சொல்லுங்கள், பணம் செலவாவதற்குள் தடுத்தால்தான் வாய்ப்பு. கென்யாவில் 2007-இல் எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவை வந்தபிறகு, வங்கிக் கணக்கே இல்லாதவர்களும் போனிலேயே பணம் அனுப்பத் தொடங்கினார்கள். அந்த வசதியோடு இந்தத் தவறும் சேர்ந்தே வருகிறது. அனுப்பும் முன் திரையில் பெயர் வந்தால் நின்று படியுங்கள்.

இன்னொன்று: உங்களுக்குத் தவறிப் பணம் வந்ததாகச் சொல்லி யாராவது கூப்பிட்டால், நீங்களே திருப்பி அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் வழியாகவே திருப்பச் சொல்லுங்கள். ஏமாற்றுகிறவர்கள் பணமே அனுப்பாமல் போலிக் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பி, பதற்றத்தில் உங்களிடமிருந்து உண்மைப் பணத்தை வாங்கிவிடுவார்கள்.

கேள்வி: குடிநீர் இணைப்புக்கு விண்ணப்பித்து மாதங்கள் ஆகின்றன. போனால் நாளை வா என்கிறார்கள். புரோக்கரிடம் போய்விடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் விண்ணப்ப எண்ணுடன் ஒப்புகைச் சீட்டு இருக்கிறதா? இல்லாவிட்டால் உங்கள் விண்ணப்பம் உள்ளே போனதற்கே ஆதாரம் இல்லை. அதை வாங்கியபின், இந்த வேலைக்கு எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்று அலுவலகத்தின் விதி என்ன சொல்கிறது என்பதை எழுத்தில் கேளுங்கள்.

உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை, ஆரம்பப் பள்ளிகளுக்கு அரசு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளை எட்டியது என்று ஓர் ஆய்வு காட்டியது. பிறகு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு போகிறது என்று செய்தித்தாளில் போட்டார்கள், பள்ளிச் சுவரிலும் ஒட்டினார்கள். கசிவு வெகுவாகக் குறைந்தது. செய்தித்தாள் மட்டுமே காரணமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்று தெரியாத தலைமை ஆசிரியர் அதைக் கேட்டிருக்கவே முடியாது.

புரோக்கரிடம் கொடுத்தால் உங்கள் கையில் எண்ணும் இருக்காது, ரசீதும் இருக்காது. உங்கள் தெருவில் இதேபோல் காத்திருப்பவர்கள் இருப்பார்கள். எல்லோருடைய விண்ணப்ப எண்ணையும் தேதியையும் ஒரே தாளில் எழுதி, மேலதிகாரியிடம் சேர்ந்து கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் வராதீர்கள்.