ஆறு முதல் பன்னிரண்டு வரை

அன்புள்ள அண்ணாச்சி,

தென்காசி மாவட்டத்தில் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் டீச்சராக இருக்கிறேன். போன வருடம் என்னிடம் படித்த பெண்ணுக்கு எம்.பி.பி.எஸ். சீட் மயிரிழையில் போய்விட்டது. நீட்டில் அவளைவிட ரொம்பக் குறைவாக வாங்கிய பக்கத்து ஊர் அரசுப் பள்ளிப் பையனுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் கிடைத்துவிட்டது. இவள் அம்மா பீடி சுற்றுகிறவர். அப்பா இல்லை. நடந்து போகிற தூரத்தில் இருந்தது எங்கள் பள்ளிதான், அதனால் இங்கே சேர்ந்தாள்.

எய்டட் பள்ளிக்காரர்களும் கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள், தோற்றார்கள். 1951இல் செண்பகம் துரைராஜனுக்கு மெடிக்கல் சீட் மறுத்தது தப்பு என்று கோர்ட் சொல்லவில்லையா? இந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை?

இன்னொன்று. அவள் தங்கை இந்த வருடம் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். "இவளையாவது அரசுப் பள்ளியில் சேர்த்துவிடட்டுமா டீச்சர்?" என்று அம்மா கேட்கிறார். இப்படி ஒவ்வொரு பிள்ளையாகக் கிளம்பினால் எங்கள் பள்ளியில் பணியிடம் உபரியாகும். முதலில் போவது என்னுடையதாகவும் இருக்கலாம். நான் என்ன சொல்லட்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

செண்பகம் துரைராஜனுக்கு யாரும் சீட் மறுக்கவில்லை. அவர் விண்ணப்பமே போடவில்லை. விசாரித்துப் பார்த்தார், பிராமணர் என்பதால் கிடைக்காது என்று தெரிந்தது, நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றமே இதைக் கவனித்தது. அரசுத் தரப்பு அதை ஓர் ஆட்சேபமாக எழுப்பாததால் வழக்கைத் தொடர்ந்தார்கள். ஆனால் விண்ணப்பிக்காமல் வழக்குப் போடுவதை நாங்கள் ஆமோதிப்பதாக நினைத்துவிட வேண்டாம் என்றும் எழுதி வைத்தார்கள். எழுபது வருடம் கழித்தும் 'சீட் மறுக்கப்பட்ட பெண்' என்றே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தீர்ப்பில் எல்லோரும் படிப்பது வகுப்புவாரி அரசாணைப் பகுதியை: 14 இடம் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. 1951 ஏப்ரலில் இது செல்லாது என்றானது. ஜூனிலேயே அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) சேர்ந்தது. உங்கள் மாணவியின் விஷயத்துக்குத் தேவையான வரி அதே தீர்ப்பில் வேறோர் இடத்தில் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் நாலு மருத்துவக் கல்லூரிகளில் இருந்த 330 இடங்களில் சிலவற்றை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை மாவட்டங்களை நாலு தொகுதியாக்கிப் பங்கு போட்டார்கள். அதாவது, நீ எந்த ஊர் என்ற கேள்வி அப்போதே உள்ளே இருந்தது. அதன் பேரில் அன்று யாரும் வழக்குப் போடவில்லை.

பிறகு போட்டார்கள். மக்கள்தொகைக்கு ஏற்ப மாவட்டவாரியாக இடம் ஒதுக்கியதை 1968இல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு மாவட்டத்தில் குறைந்த மதிப்பெண்காரர் உள்ளே போக, இன்னொன்றில் கூடுதல் வாங்கியவர் வெளியே நிற்பார், திறமையானவர்களைத் தேர்ந்தெடுக்கும் நோக்கத்துக்கு இது எப்படி உதவும் என்பது கேள்வி. (அதே வழக்கில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் தப்பித்தது. அந்தச் சாதிகள் பின்தங்கியவை என்பதற்கு அரசு காட்டிய விவரங்களை எதிர்த்தரப்பு உடைக்கவில்லை.) மாவட்டத்தை விட்டுவிட்டுக் கல்லூரிகளை 'யூனிட்'களாகப் பிரித்துப் பார்த்தது தமிழ்நாடு. பெரியகருப்பன் வழக்கில் அதுவும் போயிற்று. 1974இல் உத்தரப் பிரதேச வழக்கில் மலைப்பகுதிக்காரர்களுக்கான இடஒதுக்கீடு செல்லும் என்று விட்டுவிட்டு, கிராமத்துக்காரர்களுக்கானதை ரத்து செய்தார்கள். மாநிலத்தில் பெரும்பாலோர் கிராமத்தில்தானே இருக்கிறார்கள், அத்தனை பேரும் ஒரே பின்தங்கிய வகுப்பா என்றார்கள். பின்னாளில் இங்கே கிராமப்புறப் பள்ளி மாணவர்களுக்கென்று கொண்டுவந்த இடஒதுக்கீடும் சென்னை உயர் நீதிமன்றத்தைத் தாண்டவில்லை.

இத்தனை தடவை விழுந்த பிறகுதான் 7.5 வந்தது. பழைய தோல்விகளைப் படித்துவிட்டு எழுதிய சட்டம் என்பது பார்த்தாலே தெரியும். நீதிபதி கலையரசன் தலைமையில் குழு போட்டு, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியில் ஏன் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இருக்கிறார்கள் என்று ஆராயச் சொன்னார்கள். குழு கேட்டது 10 சதவீதம். அரசு எடுத்துக்கொண்டது 7.5. அதற்குள்ளும் வழக்கமான சாதிவாரி ஒதுக்கீடு உண்டு, ஆகவே மாநிலத்தின் மொத்த இடஒதுக்கீடு பழைய 69 சதவீதத்தைத் தாண்டவில்லை. 2020 செப்டம்பரில் நிறைவேறிய மசோதா ஆளுநர் மேசையில் கிடந்தது. அக்டோபர் 29 அன்று அரசு பொறுமையிழந்து அரசாணை போட்டது. மறுநாள் ஒப்புதல் வந்தது! 2022 ஏப்ரல் 7 அன்று உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. எய்டட் பள்ளிகளையும் சேர்க்கக் கேட்டவர்களின் கோரிக்கையை ஏற்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் இதை மறுபரிசீலனை செய்யவும் சொன்னது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பெண் ஏழையா, இவளுக்குச் சீட் தகுமா என்று கோர்ட் பார்க்கவே இல்லை. அரசு போட்ட கோட்டுக்குக் காரணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. இருக்கிறது என்றால் அதோடு சரி. கோட்டைப் பத்தடி தள்ளிப் போடு என்று சட்டமன்றத்துக்குச் சொல்வது அதன் வேலை இல்லை. 1968இலும் 2022இலும் கேட்டது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான், இரண்டாம் முறை அரசிடம் தயாரான பதில் இருந்தது.

அதற்காக அந்தக் கோடு சரியான இடத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பது விதி. ஆனால் கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் இலவசமாக எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளையும் இதில் சேரலாம். உங்கள் பீடி சுற்றும் அம்மாவின் பிள்ளை சேர முடியாது. உங்களுக்குச் சம்பளம் தருவது அரசு, பிள்ளைகளுக்குப் புத்தகம், சைக்கிள் தருவதும் அரசு. காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் கிராமப்புற எய்டட் பள்ளிகளுக்கும் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தூத்துக்குடியில், கல்லூரிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை எய்டட் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரித்தார்கள். ஆயிரம் ரூபாய்க்குத் தள்ளிப் போட முடிந்த கோட்டை மெடிக்கல் சீட்டுக்குத் தள்ள முடியாதா?

முடியும், ஆனால் யோசித்துத் தள்ள வேண்டும். எய்டட் என்றால் உங்கள் பள்ளி மட்டுமில்லை. பெரிய நகரங்களில் டாக்டர் பிள்ளைகளும் வக்கீல் பிள்ளைகளும் படிக்கிற நூறு வருடப் பள்ளிகளும் எய்டட்தான். அவர்களையும் அதே 7.5க்குள் கொட்டினால் அந்தப் பக்கத்து ஊர்ப் பையன் திரும்ப வெளியே போய்விடுவான். தமிழ்வழி என்ற நிபந்தனையோடு, தனியாக ஒரு சின்னப் பங்கு, அதற்கும் கலையரசன் குழு மாதிரி ஒரு கணக்கெடுப்பு. நான் கேட்பதானால் அப்படித்தான் கேட்பேன். மறுபரிசீலனைக் கெடு, தீர்ப்பு நாளிலிருந்து எண்ணினால், 2027 ஏப்ரல். உங்கள் ஆசிரியர் சங்கம் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பார்க்கட்டும். கையில் பிள்ளைகளின் பெற்றோர் தொழில், வருமானம், ஊருக்கும் அரசுப் பள்ளிக்கும் உள்ள தூரம் எல்லாம் எழுதிய பட்டியலோடு.

அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் உங்கள் மாணவியின் சீட்டை எடுக்கவில்லை. 7.5ஐக் கலைத்துப் பொதுவில் போட்டால் அந்த இடங்கள் ரேங்க் லிஸ்டில் எத்தனையோ பேருக்குப் பிரிந்து போகும். அவளுக்கு ஒன்று வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். அவளிடம் அந்தப் பையனைக் காட்டிப் பேசாதீர்கள்.

தங்கை விஷயம். உங்கள் வேலையும் இதில் மாட்டியிருக்கிறது என்று நீங்களே எழுதியதால்தான் இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அம்மாவிடம் விதியை உள்ளபடி சொல்லுங்கள்: இன்றைய தேதியில் ஆறாம் வகுப்பே கணக்கில் வருகிறது, ஏழில் மாறினால் பயனில்லை, இந்தச் சட்டம் அவள் பிளஸ் டூ முடிக்கும்போது இதே வடிவில் இருக்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது. பதினொரு வயதுப் பெண் தினமும் பஸ் பிடித்துப் போய்வர முடியுமா என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். அவர் போகட்டும் என்று முடிவு செய்தால் டி.சி. எழுதும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். ஜூனில் அட்மிஷன் தொடங்குவதற்குள் பேசிவிடுங்கள்.