எடை குறைந்த சர்வர் ஆயிரக்கணக்கான இணைப்புகளை எப்படித் தாங்குகிறது?

எடை குறைந்த சர்வர் என்பது, ஒரு போர்ட்டில் (கணினிக்கு இணைப்புகள் வந்துசேரும் எண்ணிட்ட வாசல்) காத்திருந்து, வரும் இணைப்புகளுக்குக் குறைந்த நினைவகத்தில் பதில் தரும் நிரல். 2004இல் வெளியான எஞ்சின்எக்ஸ் (nginx) என்ற இணைய சர்வர் இவ்வகையைச் சேர்ந்தது. பழைய முறையில் இணைப்புக்கொரு செயல்முறை (process, அதாவது தனி நினைவகத்துடன் இயங்கும் நிரலின் ஒரு பிரதி) ஒதுக்கப்பட்டதால், மெதுவான இணையம் உள்ள ஒருவருக்காகவும் அது நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா காத்திருந்தது. இங்கோ ஒரே செயல்முறை, எந்த இணைப்பில் தரவு வந்திருப்பதாக இயங்குதளம் சொல்கிறதோ அதை மட்டும் கவனிக்கிறது. திருநெல்வேலி ரதவீதியில் மாலையில் அல்வா வாங்க நிற்கும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள்: ஆளுக்கொரு விற்பனையாளரை நிறுத்தக் கடையில் இடமிருக்காது, பையைத் துழாவுபவருக்காக நிற்காமல், காசை நீட்டியவருக்குப் பொட்டலம் தரும் ஒருவரே சமாளித்துவிடுவார். (அவரே அல்வா கிண்டவும் போனால் வரிசை நின்றுவிடும், நீண்ட கணக்கீடுகளை இதற்குள் வைக்கக்கூடாது என்பது அதனால்தான்.) எடை குறைவு என்றால் திறன் குறைவு என்று பலர் எண்ணுகிறார்கள், உண்மையில் குறைவது ஓர் இணைப்புக்கு ஆகும் நினைவகச் செலவே.